சக்கரத்துக்கு ஆரத்தி

காபி கொஞ்சம் கசக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். டிகாஷன் இறக்குவது லீலாவதியின் இலாகா. நான் போட்ட காபியை ஒரு தடவை குடித்த தபால்காரர், அதற்குப் பிறகு எங்கள் கடிதங்களை எதிர் பிளாக்கில் போட்டுவிட்டு ஓடிப்போகிறார். சர்க்கரை வேண்டுமானால் அந்த நீல டப்பாவில் இருக்கிறது.

நீங்கள் வந்த காரியம் எனக்குத் தெரியும், வைஷ்ணவி. போன மாதம் முசூரியிலிருந்து இறங்கும்போது எங்கள் மேல்வீட்டு ஜெயபாலின் வண்டி பாறையில் மோதியது. அதில் இருந்த என் மனைவி லீலாவதி இறந்துபோனாள். ஜெயபால் கண்மண் தெரியாமல் ஓட்டினார் என்று போலீஸ் வழக்குப் போட்டிருக்கிறது. இன்சூரன்ஸ் கொடுக்க வேண்டிய உங்கள் கம்பெனி, தமிழ் தெரிந்த சர்வேயர் என்று உங்களை அனுப்பியிருக்கிறது. ‘ஆமாம், அவர் எப்போதும் வேகமாகத்தான் ஓட்டுவார்’ என்று நான் ஒரு வரி சொல்லிக் கையெழுத்துப் போட்டால் உங்கள் வேலை முடிந்தது. ஜெயபாலும் முடிந்தார்.

போடத்தான் இருந்தேன். பேனாவைக்கூடத் திறந்துவிட்டேன். அந்த நேரம் பார்த்து நீங்கள் அந்தப் போட்டோவைக் காட்டினீர்கள். இடது முன்சக்கரத்தின் பிரேக் டிஸ்க், கடித்து வைத்த அப்பளம் மாதிரி உடைந்து கிடக்கிறது. காட்டிவிட்டு என்ன சொன்னீர்கள்? “ஃபாக்டரி டிஃபெக்ட் ஆயிருக்கலாம் அங்கிள். இல்லேன்னா டிரைவர் பிரேக்கை ரொம்ப அழுத்தியிருக்கணும்.”

அதைத்தான் என்னால் தாங்கிக்கொள்ள முடியவில்லை. ராணுவ வண்டிகளைப் பழுது பார்க்கும் பட்டறையில் பிரேக் பிரிவுக்கு ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். மாசிலாமணி கை வைத்த லாரி என்றால் லடாக்கில் மலையாடு குறுக்கே வர நினைத்தாலே நின்றுவிடும் என்பார்கள். அப்படிப்பட்டவன் ஒரு குளிர்காலமும் அரைக் கோடையும் பொறுமையாக, ஒருவருக்கும் சந்தேகம் வராமல் செய்து முடித்த வேலையை, எவனோ ஒரு தொழிற்சாலைக்காரனின் கவனக்குறைவு என்று நீங்கள் எழுதிக்கொண்டு போவதா? அதனால்தான் பேனாவை மூடினேன். உங்கள் போன் பதிவு செய்யட்டும், எனக்கு ஆட்சேபம் இல்லை.

முதலில் வெயிலைப் பற்றிச் சொல்ல வேண்டும். நீங்கள் தில்லியில் பிறந்தவர், அதிகம் விளக்க வேண்டியதில்லை. டிசம்பர் வந்தால் இந்தத் தரைத்தள வீடு ஐஸ் பெட்டி. தேங்காய் எண்ணெயைக் கத்தியால் வெட்டி எடுப்போம். போன வருஷம் நான் சொன்ன ஒரு வாக்கியம் உறைந்துபோய் லீலாவதிக்கு மத்தியானம்தான் காதில் விழுந்தது. அம்பாசமுத்திரம் பக்கத்தில் பிறந்த எனக்கு இளவயதில் வெயில் என்றால் எதிரி. இங்கே வந்து கிழவனான பிறகுதான் அதன் அருமை தெரிந்தது. இரண்டு பிளாக்குகளுக்கு நடுவே உள்ள சந்து வழியாக, பதினொரு மணி வாக்கில், என் ஜன்னலுக்கு முன்னால் ஒரு நார்க்கட்டில் அளவுக்கு வெயில் விழும். இரண்டு மணி வரை இருக்கும். பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, காலுறையைக் கழற்றி, வேர்க்கடலையை உரித்துப் போட்டுக்கொண்டிருப்பேன். மயூர் விஹாரில் அந்த மூன்று மணி நேரத்துக்கு நான்தான் ராஜா. பென்ஷனைவிட அதைத்தான் நான் பெரிதாக நினைத்தேன்.

அந்த இடத்தையொட்டி ஜெயபாலுக்கு சொசைட்டி கொடுத்த பார்க்கிங். அதில் ஒரு சின்னக் கார் நின்றது. அதன் நிழல் என் செருப்பைக்கூடத் தொடாது. போன தீபாவளிக்கு அதை விற்றுவிட்டு இந்த எஸ்யூவியை வாங்கினார். யானைக்கு டயர் மாட்டிய மாதிரி வண்டி. அதன் நிழலில் ஒரு கல்யாணப் பந்தி வைக்கலாம். ஆபீஸுக்கு அவர் மெட்ரோவில் போவார். வண்டி பகல் முழுக்க என் வெயிலைக் காய்ந்துகொண்டு நிற்கும், நான் அதன் நிழலில் விறைத்துக்கொண்டு நிற்பேன்.

மாடி ஏறிப் போய் மரியாதையாகத்தான் கேட்டேன்.

“ஜெயபால், வண்டிய ரெண்டடி பின்னால தள்ளி நிறுத்தினா எனக்கு வெயில் கெடைக்கும்.”

“ஏனுங்க சார், திருநெல்வேலிக்காரருக்கு வெயில் பத்தலைங்களா?” என்று அவர் சிரித்தார். “பின்னால தள்ளுனா வேப்பமரத்துக் காக்கா பூராவும் புது வண்டி மேலதானுங்க உக்காரும். நீங்க ஒண்ணு பண்ணுங்க, மொட்டை மாடிக்கு வந்துருங்க. அங்க வெயில் கொட்டிக் கெடக்குது, யாரும் கேக்கறதில்லீங்க.”

நாலு மாடி. லிஃப்ட் கிடையாது. என் முழங்கால் எப்படி இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். உள்ளேயிருந்து அவர் மனைவி பூங்கோதை சிரித்தது கேட்டது. மகள் இந்துஜா கல்லூரிப் பெண், தமிழை இந்தி மாதிரி பேசுகிறவள், போனில் யாரிடமோ “அங்கிள்ஜி கோ தூப் சாஹியே” என்றாள், அங்கிளுக்கு வெயில் வேணுமாம் என்று. அடுத்த வாரம் சொசைட்டி முழுக்க நான் தூப்வாலே அங்கிள். காய்கறி வண்டிக்காரன்கூட அப்படித்தான் கூப்பிட்டான்.

ஜெயபால் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. கேஸ் சிலிண்டரை உள்ளே தூக்கி வைத்துவிட்டுப் போவார். லீலாவதிக்கு இரவில் மூச்சுத் திணறியபோது ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவர் அவர்தான். இப்படி ஒரு ஆளின் மேல் கோபப்படக்கூட வழி இருக்காது. அவர்மேல் எனக்கு இருந்த கோபத்தில் முக்கால்வாசி அதற்காகத்தான்.

இப்போது வண்டிக்கு வருகிறேன். தினமும் காலையில் மகளை கிரேட்டர் நொய்டா கல்லூரியில் விட்டுவிட்டு எக்ஸ்பிரஸ்வேயில் திரும்பி வருவார். அவர் ஓட்டுகிற விதம் உங்கள் கம்பெனிக்குப் பிடிக்காது. சிக்னலின் மூக்கு வரை வேகமாக வந்து, பிறகு பிரேக்கின் மேல் ஏறி நிற்பார். ரெண்டு டன் வண்டி. கேட்டுக்குள் வரும்போது முன்சக்கரங்களிலிருந்து இஸ்திரிப் பெட்டி வாடை அடிக்கும். அந்த வாடை என் வாழ்க்கை. டிஸ்க் எவ்வளவு சூட்டில் இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவேன்.

நவம்பர் கடைசியில் ஒரு இ-ரிக்‌ஷா அந்த வண்டியின் கதவில் நீளமாக ஒரு கோடு போட்டுவிட்டுப் போனது. பூங்கோதை கீழே வந்து லீலாவதியிடம் அழாத குறை. “எத்தன பேர் கண்ணுங்க அக்கா. அத்தன பேரும் நின்னு நின்னு பாத்துட்டுப் போறாங்க.” லீலாவதி இளகிய மனசுக்காரி. மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்து ஆரத்தி எடுத்துவிடலாம் என்றாள்.

நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். தலையைத் தூக்காமல் சொன்னேன்: “எங்க பக்கத்துல வண்டிக்கு ஆரத்தி எடுத்தா தரையில ஊத்த மாட்டோம். முன்சக்கரத்துலதான் ஊத்துவோம். வண்டி வெளிய போயிட்டு வந்த சூட்டோட ஊத்தணும். அப்பத்தான் கண்ணு எறங்கும்.”

பூங்கோதை போன பிறகு லீலாவதி கேட்டாள்: “எங்க ஊர்ல அப்படி ஒண்ணும் கெடயாதுல்லா?”

“ஒங்க ஊர்ல கெடயாது. எங்க ஊர்ல உண்டு.”

அவள் கோவில்பட்டி. நம்பிவிட்டாள். இதுதான் தில்லித் தமிழர்களின் அழகு. இந்த சொசைட்டியிலேயே கடலூர், காரைக்குடி, நாமக்கல், வேலூர் என்று எல்லாம் இருக்கிறோம். ஒருவர் வீட்டு வழக்கம் இன்னொருவருக்குத் தெரியாது. எதை வேண்டுமானாலும் ‘எங்க பக்கத்துல இப்படித்தான்’ என்று சொல்லலாம். யாரும் எதிர்த்துக் கேட்கமாட்டார்கள், நமக்கு ஊர் மறந்துவிட்டதோ என்று அவரவருக்கு உள்ளூர ஒரு பயம். கொழுக்கட்டையைக் குப்புறப் படுத்துத்தான் தின்ன வேண்டும் என்று சொல்லியிருந்தால், இந்த பிளாக் முழுக்கக் குப்புறப் படுத்திருக்கும்.

காய்ந்த இரும்புத் தோசைக்கல்லைக் குழாயடியில் நீட்டினால் என்ன ஆகும் என்று லீலாவதிக்குத் தெரியும். ஒரு தடவை நான் அப்படிச் செய்து கல் விரிசல் விட்டதற்கு ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. டிஸ்க்கும் அதே வார்ப்பிரும்புதான், சக்கரத்துக்குள் இருக்கிறது என்பதால் அவளுக்குத் தெரியவில்லை. ஆனால் ஆரத்தித் தட்டில் உள்ள தண்ணீர் எந்த மூலைக்கு? எனவே இன்னும் கொஞ்சம் சாஸ்திரம் சேர்த்தேன். தட்டை ஊற்றிய கையோடு, சக்கரத்துக்கு ஒரு வாளி நல்ல தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும், கண்ணு ஒட்டிக்கொண்டிருக்கக் கூடாது என்று. தொட்டால் விரல் கழன்று வாளிக்குள் விழுந்துவிடும், அந்த மாதத்து மேல்தொட்டித் தண்ணீர் அவ்வளவு குளிர். சக்கரத்துக் கம்பிகளின் இடுக்கு வழியாக அது நேராக டிஸ்க்கில் போய் விழுந்தது.

ஸ்ஸ்ஸ் என்று சத்தம் வந்தது. சக்கரத்திலிருந்து ஆள் உயரத்துக்குப் புகை எழுந்தது. ஜெயபால் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

“பூங்கோதை, பாத்தியா? எத்தன கண்ணு பட்டிருந்தா இப்படிப் பொகையாப் போகும்?”

நான் உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொண்டு, ரஜாய்ப் போர்வையை வாயில் திணித்துக்கொண்டு சிரித்தேன். ஓய்வு பெற்ற பிறகு நான் அப்படிச் சிரித்ததில்லை.

முதலில் வெள்ளிக்கிழமை மட்டும். பிறகு செவ்வாயும் வெள்ளியும். கொஞ்ச நாளில் பிரேக்கை அழுத்தினால் ஸ்டியரிங் உதற ஆரம்பித்தது. டிஸ்க் வளைந்துவிட்டால் அப்படித்தான், அதை இறுக்கிப் பிடிக்கிற பேட் ஒவ்வொரு சுற்றிலும் ஓரிடத்தில் இடிக்கும். நிஜாமுதீன் பாலத்தில் பிரேக் போட்டபோது பூங்கோதையின் வளையல்கள் தானாகக் கச்சேரி செய்தன என்று ஜெயபாலே சொன்னார். எனக்கு உடம்பெல்லாம் இனித்தது. வண்டி பட்டறைக்குப் போனது. நான் நாற்காலியைப் போட்டேன். நாலு நாள் வெயில். வேர்க்கடலை அப்படி ருசித்ததே இல்லை.

டிஸ்க்கை லேத்தில் போட்டு முகம் தேய்த்து சமப்படுத்தினார்கள். வண்டி வந்தது. ஆரத்தி தொடர்ந்தது. திரும்ப உதறல். இப்போதுதான் ஜெயபாலுக்கு என் நினைவு வந்தது. கீழ்வீட்டில் ஒரு பிரேக் ஃபோர்மேன் இருக்கிறான் என்பது.

“சார், நீங்கதான் பாத்துச் சொல்லோணும். அந்தப் பட்டறைக்காரனுக ஆளுக்கொண்ணு சொல்றானுக.”

நான் அவரிடம் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை, இதை நன்றாகக் குறித்துக்கொள்ளுங்கள். சக்கர நட்டுகளைக் காற்றுத் துப்பாக்கியால் கன்னாபின்னாவென்று முறுக்கினால் டிஸ்க் கோணும் என்றேன். உண்மை. என்னுடைய பழைய டார்க் ரெஞ்சை எடுத்து எதிரெதிர் நட்டாக அளவோடு முறுக்கிக் காட்டினேன். பேட்டைத் தாங்குகிற காலிப்பரின் பின் இறுகினால் பேட் விடாமல் உரசிச் சூடேற்றும் என்றேன். அதுவும் உண்மை, அதை மாற்றினார். டிஸ்க்கைத் தாங்குகிற ஹப்பில் துரு இருந்தால் புது டிஸ்க்கும் நேராக உட்காராது என்றேன். அவரே ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து உப்புத்தாளால் ஹப்பைக் கண்ணாடி மாதிரி தேய்த்தார், அதில் முகம் பார்த்து மீசை வெட்டிக்கொள்ளலாம். புது டிஸ்க்கும் போட்டார். எல்லாம் சரியாகச் செய்தார். எல்லாம் செய்த பிறகு, கண்ணு இன்னும் போகவில்லை என்று லீலாவதியிடம் சொல்லி, ஆரத்தியைத் தினமும் ஆக்கிக்கொண்டார்.

நான் கேட்காமலே நடந்தது அது. அவ்வளவு பெரிய பரிசை எனக்கு வேறு யாரும் கொடுத்ததில்லை.

ஒருமுறை மாட்டிக்கொள்ள இருந்தேன். பட்டறை மிஸ்திரி டயல் கேஜ் வைத்து டிஸ்க்கின் கோணலை அளந்து பார்த்துவிட்டு, “யே பானி கா காம் ஹை, அங்கிள்ஜி” என்றான். தண்ணீரோட வேலை இது, சூட்டில் யாரோ தண்ணீர் விடுகிறார்கள் என்று. ஜெயபால் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் யோசிப்பது போல் தாடையைத் தடவினேன்.

“வண்டி கழுவுறது யாரு?” என்றேன்.

அருள்ராஜ். திரிலோக்புரிப் பக்கம் குடிசையில் இருக்கிற கள்ளக்குறிச்சிக்காரன். விடிகாலையில் வந்து எங்கள் பிளாக்கின் எல்லாக் கார்களையும் துடைப்பவன். கூப்பிட்டு விசாரித்தோம்.

“சார், நான் கழுவறப்ப வண்டி சில்லுனு கெடக்கும் சார். ராத்திரி பூரா நின்ன வண்டி. சூட்டுல நான் ஏன் சார் தொடப்போறேன்?” என்றான். பிறகு கொஞ்சம் தயங்கி, “அம்மாதான் சார் டெய்லி தண்ணி…” என்று ஆரம்பித்தான்.

“ஆரத்தியையும் நீ கழுவுற அழுக்குத் தண்ணியையும் ஒண்ணாப் பேசுறியா?” என்றேன். சத்தம் போடவில்லை. ஜெயபாலுக்குத்தான் முகம் சிவந்தது. அன்றோடு அருள்ராஜுக்கு இந்த பிளாக் போயிற்று. தப்புச் செய்தது அவனில்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் பாருங்கள், அவன் சொன்ன பிறகும் ஒருவருக்கும் உறைக்கவில்லை. ஆரத்தி என்பது தெய்வ காரியம். அதில் இருப்பது தண்ணீர் என்று யாருக்கும் தோன்றவில்லை.

ஹோலி வந்தது, குளிர் போனது. இனி வெயில் எதற்கு என்று கேட்பீர்கள். கேளுங்கள், நியாயம்தான். ஏப்ரலில் அந்த நார்க்கட்டில் அளவு வெயிலில் நாயும் படுக்காது. நானும் ஜன்னலைச் சாத்திக்கொண்டு கூலர் முன்னால் கிடந்தேன். ஆனால் ஒன்பது மணிக்கு கேட்டில் அந்த வண்டி நுழைகிற சத்தம் கேட்டால் எழுந்து ஜன்னல் இடுக்கு வழியாகப் பார்ப்பேன். லீலாவதி தட்டோடு நிற்பாள். ஜெயபால் கை கட்டி நிற்பார், பெரிய ஆபீசர், அவருக்குக் கீழே நாலு அறை நிறைய ஆட்கள், என் பொய்யின் முன்னால் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்பார். புகை எழும். ஒரு நாள் தவறினால் எனக்குச் சோறு இறங்காது. எனக்கு வெந்நீர் வைக்க மறந்துபோகிற லீலாவதி, அந்தச் சக்கரத்துக்கு மட்டும் ஒரு நாள் மறக்கவில்லை. “ஜெயபால் தம்பி நல்லா இருக்கணும்” என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு ஊற்றுவாள். அதைக் கேட்கும்போது எனக்குச் சிரிப்பு வரும். சில நாள் வராது.

மே மாதம் மறுபடி உதறல். ஜெயபால் புது டிஸ்க் போடவா என்று கேட்டார். நான் வெர்னியரை வைத்து அளந்தேன். டிஸ்க்கின் ஓரத்தில், இதற்குக் கீழே தேயக்கூடாது என்று ஒரு அளவு அச்சடித்திருப்பார்கள். அதைத் தொட்டுக்கொண்டிருந்தது. “இன்னும் சதை இருக்கு. லேத்துல ஒரு தடவ தேய்ச்சாப் போதும்” என்றேன். இது பொய். முன்னால் ஒரு பொய்யும் சொல்லவில்லை என்றேன் அல்லவா, அது மே வரைக்கும்.

ஜூனில் முசூரி போகத் திட்டம் போட்டார்கள். பூங்கோதை லீலாவதியையும் கூப்பிட்டாள். “அக்கா இல்லாம வண்டிக்கு ஆரத்தி யாருங்க எடுக்கறது?” என்று. என்னையும்தான் கூப்பிட்டார்கள். முழங்கால் என்று சொல்லிவிட்டேன். லீலாவதிக்கு மலை என்றால் உயிர். கல்யாணமானதிலிருந்து நான் கூட்டிக்கொண்டு போனதில்லை. ஒரு மாதம் முன்பே ஸ்வெட்டரைத் துவைத்து வைத்துவிட்டாள்.

கிளம்புவதற்கு முந்தின சாயங்காலம் ஜெயபால் வண்டியை ஜாக்கியில் ஏற்றி, முன்சக்கரங்களைக் கழற்றி வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

“மலை ரோடுங்க சார். ஒருக்கா நீங்க பாத்துட்டீங்கன்னா எனக்கு நிம்மதி.”

இடது டிஸ்க்கில் மயிரிழை மாதிரி விரிசல்கள். பல இடத்தில் மேலோட்டம்தான், அதற்குப் பயப்பட வேண்டியதில்லை. ஒன்று மட்டும் நடுவிலிருந்து விளிம்பு வரை போயிருந்தது. அதன் குறுக்கே நகத்தை ஓட்டினேன். நகம் மாட்டிக்கொண்டது. எங்கள் பட்டறையில் இதற்கு ஒரே விதி. நகம் மாட்டினால் வண்டி ஓர் அடி நகரக் கூடாது. அந்த விதியை எத்தனையோ பேருக்குக் கற்றுக்கொடுத்தவன் நான். தலைக்கு மேலே பால்கனியில் லீலாவதியும் பூங்கோதையும் எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஜெயபால் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், ரிசல்ட்டுக்கு நிற்கிற பையன் மாதிரி.

“டிஸ்க் தங்கமா இருக்கு” என்றேன். “எறங்கும்போது கொஞ்சம் பதமா பிரேக் போடுங்க, ஒண்ணும் ஆகாது.”

ஏன் சொன்னேன் என்று கேட்டால், அவர் அப்படி நம்பிக்கொண்டு நின்றார். அதைக் கெடுக்க மனசு வரவில்லை. வாழ்நாளில் நான் சரியாகச் சொன்ன ஆயிரம் விஷயத்தை என் மேலதிகாரிகள் நம்பியதில்லை. இவர் நான் சொன்ன எல்லாவற்றையும் நம்பினார். அந்த ருசி உங்களுக்கு இந்த வயதில் புரியாது.

மற்றதை நீங்களே விசாரித்துவிட்டீர்கள். போகும்போது ஏற்றம், பிரேக்குக்கு வேலையில்லை. மூன்றாம் நாள் இறங்கும்போது ஒரு வளைவில் டிஸ்க் உடைந்தது. பெடல் தரையோடு போயிற்று. ஜெயபால் பள்ளத்துப் பக்கம் போகவிடாமல் மலைப் பக்கம் திருப்பி ஹேண்ட்பிரேக்கை இழுத்தார். அது சரியான காரியம், என் பட்டறையில் இருந்திருந்தால் முதுகில் தட்டிக்கொடுத்திருப்பேன். வண்டி சுழன்று இடது பின்பக்கம் பாறையில் அடித்தது. ஜெயபாலுக்குக் கால் எலும்பு முறிவு. முன்னால் அவர் பக்கத்தில் இருந்த இந்துஜாவுக்கு நெற்றியில் தையல். பின்னால் வலது பக்கம் இருந்த பூங்கோதைக்கு ஒரு சிராய்ப்பு.

இப்போது அவர் ஊன்றுகோலோடு மாடியிலிருந்து ஒவ்வொரு படியாக இறங்கி, தினமும் சாயங்காலம் இங்கே வந்து நீங்கள் உட்கார்ந்திருக்கிற அதே நாற்காலியில் உட்காருகிறார். “அக்காவ நான் கொன்னுட்டேனுங்க சார். நீங்க பதமாப் போடுன்னு சொன்னீங்க, நான்தானுங்க அழுத்திப்போட்டேன்” என்கிறார். நான் தோளைத் தட்டிக்கொடுக்கிறேன். கோர்ட்டிலும் தான் செய்ததாகவே ஒத்துக்கொள்ளப் போகிறாராம். வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன், ஒரு தடவை. வெளியே பார்க்கிங் காலியாகக் கிடக்கிறது. இனி வண்டியே வாங்கப்போவதில்லை என்கிறார்.

இவ்வளவுதான். இதில் எந்தப் பிரிவில் என்னைப் பிடிக்க முடியும் என்று உங்கள் வக்கீலைக் கேட்டுப் பாருங்கள். ஆரத்தி எடுக்கச் சொன்னேன், ஒரு டிஸ்க்கைப் பார்த்து அபிப்பிராயம் சொன்னேன். கிழவனுக்குக் கண் மங்கல் என்றால் முடிந்தது. நான் சொல்வதெல்லாம் அந்தப் போட்டோவுக்காக. உங்கள் ரிப்போர்ட்டில் ‘ஃபாக்டரி டிஃபெக்ட்’ என்று வரக்கூடாது.

என்ன கேட்டீர்கள்? கொஞ்சம் உரக்கச் சொல்லுங்கள், கூலர் சத்தம்.

“ஆன்ட்டிக்கு ஹில் ரோடுன்னா வாமிட் வரும்னு பூங்கோதை ஆன்ட்டி சொன்னாங்க. ஃப்ரன்ட் சீட்டை அவங்களுக்குன்னே காலி வச்சிருந்தாங்களாம். அப்புறம் அவங்க ஏன் பின்னாடி லெஃப்ட்ல உக்காந்தாங்க, அங்கிள்?”

நல்ல கேள்வி. இத்தனை நேரத்தில் நீங்கள் கேட்ட உருப்படியான கேள்வி இதுதான். முன்சீட்டில்தான் ஏறப்போனாள், ஒரு காலை உள்ளே வைத்துவிட்டாள். நான்தான் கையைப் பிடித்து இறக்கினேன். பிரேக் போன வண்டிகளை நான் எத்தனை பார்த்திருக்கிறேன், முன்னால் இருப்பவர்கள்தான் முதலில் போவார்கள். பின்னால் உட்காரு, போகும்போதும் வரும்போதும் இடத்தை மாற்றாதே என்று சொன்னேன். “எதுக்குங்க, எனக்குக் கொமட்டும்லா?” என்றாள். எலுமிச்சம்பழத்தைக் கையில் கொடுத்து, பெல்ட்டை நானே மாட்டிவிட்டு, கதவைச் சாத்தினேன். போகாதே என்று சொல்லியிருந்தால் ஏன் என்று கேட்டிருப்பாள்.

இதை மறக்காமல் எழுதிக்கொள்ளுங்கள், அம்மா. அந்த வண்டியில் ஏறினவர்களில் ஒருத்தியையாவது காப்பாற்ற வேண்டும் என்று அன்று காலையில் நினைத்தவன் நான் ஒருவன்தான்.